எண்ணியது எந்தக் கிரெய்ன்?

சூடேற்றும்போது ஸ்டீலில் கிரெய்ன் (உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகம்) எப்படிப் பெரிதாகிறது என்பதை ப்ராஜெக்டாக எடுக்கப் போகிறீர்களா? எனக்கு இதில் ஒரு மாதம் போனது. உங்களுக்குப் போக வேண்டாம்.

எங்களுடையது 0.4% கார்பன், அலுமினியம் சேர்த்த ஸ்டீல். 850, 950, 1050, 1150 டிகிரியில் ஒவ்வொரு துண்டையும் ஒரு மணி நேரம் வைத்தேன். ஃபர்னஸிலேயே ஆறவிட்டு, நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) எட்ச் செய்து, அதாவது எல்லைகள் தெரியும்படி மேற்பரப்பை லேசாக அரித்து, எண்ணினேன். முதல் ரிவ்யூவில் சார் கேட்டார்: "இது 1050-ல் இருந்த கிரெய்னா, ஆறும்போது வந்ததா?" அப்போதுதான் உறைத்தது. அந்தச் சூட்டில் ஸ்டீல் இருக்கும் வடிவம் ஆஸ்டெனைட்; ஆறும்போது அது ஃபெரைட், பெர்லைட் என்ற வேறு வடிவங்களாக மாறிவிடுகிறது. நான் எண்ணியது அந்தப் புதுக் கிரெய்ன்களை.

சரி, தண்ணீரில் குவெஞ்ச் செய்தேன், அதாவது சூட்டோடு முக்கிச் சட்டென்று ஆறவைத்தேன். இப்போது எல்லாம் மார்ட்டென்சைட் என்ற கடினமான வடிவம். பழைய ஆஸ்டெனைட் எல்லை அதற்குள் இருக்கும், ஆனால் நைட்டல் அதைச் சரியாகக் காட்டாது. பிக்ரிக் அமிலத்தின் நிறைவுற்ற கரைசலில் கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்க்க வேண்டும். துண்டை 550 டிகிரியில் டெம்பர் செய்தால் (மறுபடி மிதமாகச் சூடேற்றி வைத்தால்), பாஸ்பரஸ் எல்லைகளில் சேர்ந்து எட்ச் நன்றாகப் பிடிக்கும். ஒரே தடவையில் வராது. எட்ச், லேசான பாலிஷ், மறுபடி எட்ச். மூன்றாவது சுற்றில் மயிரிழை போன்ற கறுப்பு வலை தெரிந்தது. அன்று நான் லேபை விட்டுக் கிளம்பவே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். பாட்டிலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்காமல் மூடியைத் தொடாதீர்கள்.

வெட்டிய துண்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். ஓரத்தில் கார்பன் எரிந்து போயிருக்கும். கோடு போட்டு எல்லை வெட்டுகளை எண்ணும் முறையே எனக்குப் பிடித்தது. அழகான இடமாகத் தேடாமல் கண்ட இடத்தில் எடுங்கள், மொத்தம் ஐந்நூறு வெட்டுகளாவது வரட்டும். ஏஎஸ்டிஎம் எண் (கிரெய்ன் அளவைக் குறிக்கும் தர எண்) கூடினால் கிரெய்ன் சிறிது: 8 என்றால் வெட்டுகளுக்கிடையே சராசரி இடைவெளி சுமார் 20 மைக்ரான், 5 என்றால் 57. வைவாவில் இதைத் தலைகீழாகச் சொல்பவர்கள் நிறைய.

1050-ல் சிறியதும் மிகப் பெரியதும் கலந்து நின்றன. எல்லைகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் அலுமினியம் நைட்ரைடு துகள்கள் கரையத் தொடங்கினால், பிடியிலிருந்து விடுபட்ட சில எல்லைகள் மட்டும் ஓட ஆரம்பிக்கும். அங்கே சராசரி மட்டும் எழுதாதீர்கள், படத்தையும் வையுங்கள்.

அப்புறம், சூடேற்றும் முன் அரத்தால் வெட்டுக்குறி போட்டுவிடுங்கள்: 850-க்கு ஒன்று, 950-க்கு இரண்டு என்று. குவெஞ்சிலிருந்து எடுத்தால் எல்லாத் துண்டும் ஒரே கறுப்பு.