வன்னிக்கு வந்தபின் பின்னிய முதுகுப்பை

குடியேற்றக் கதைகளில் பெரும்பாலும் பனியும் புரியாத மொழியும் இருக்கும். நான் குடியேறிய நாட்டில் இரண்டும் இல்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறி மண்டபம் முகாமை அடைந்த வன்னிக் குடும்பம் ஒன்றில், தமிழ்நாட்டு முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகத்தின் பயண உதவியோடு கொழும்பில் வந்திறங்கி, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் ஒட்டுசுட்டானுக்கு அருகே இருக்கும் அப்பாவின் காணிக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு அது சொந்த ஊர். ஒவ்வொரு பாலை மரமும் அவருக்கு நினைவிருந்தது. எனக்கோ பணம், பஸ், பருவம், அலுவலகம் என எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்த புதிய நாடு. அந்தக் காலத்தில் நடுவில் பூ வரும் சதுரங்களைப் பின்னி இணைத்து நான் செய்த பூச்சதுர முதுகுப்பையைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த நாட்டில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்தப் பையைச் செய்யும்போதுதான் எனக்குக் கிடைத்தது.

பை தேவைப்பட்டதற்குக் காரணம் காகிதங்கள். இந்தியாவில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமை பெற வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் இங்கே தேசிய அடையாள அட்டை எடுக்கலாம். அதற்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும், பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அப்பாவின் காணி அனுமதிப்பத்திரமோ 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அதன் மங்கிய பிரதியையும் கூடவே கொண்டு போக வேண்டும். கைப்பையைப் பிடித்தபடி நெரிசலான பஸ்ஸில் நின்று பயணம் செய்வதும், இறங்கிய பின் சைக்கிளில் செம்மண் பாதையில் போவதும் ஒன்றாக நடக்காது. இரண்டு கைகளையும் விட்டுவைக்கிற, காகிதம் மடியாத பை ஒன்று வேண்டியிருந்தது. கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் குரோஷே பின்னல், முகாமில் ஓர் அக்காவிடம் படித்தது. ஊசியையும் கொஞ்சம் அக்ரிலிக் நூலையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தேன்.

பூச்சதுரத்தின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. சிறு சங்கிலிகளை வளையமாக்கி, அதற்குள் 12 உயரமான கண்ணிகளைப் போட்டால் பூவின் நடு வந்துவிடும். அடுத்த சுற்றில் நிறத்தை மாற்றி, அந்த 12 கண்ணிகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று கண்ணிகளைப் பாதியில் நிறுத்தி ஒன்றாக மூடினால், உப்பிய இதழ் ஒன்று எழும். ஆக 12 இதழ்கள். இன்னொரு சுற்று இதழ் வைத்துப் பூவை விரியச் செய்யலாம். வட்டம் சதுரமாவது அதற்கடுத்த சுற்றில்தான். இதழ்களுக்கு இடையிலுள்ள 12 இடைவெளிகளில் நான்கை மூலைகளாக எடுத்துக்கொண்டு, மூலை ஒவ்வொன்றிலும் மூன்று கண்ணி, இரண்டு சங்கிலி, மீண்டும் மூன்று கண்ணி எனப் போட வேண்டும். மீதமுள்ள எட்டும் மூலைக்கு மூலை இரண்டு இரண்டாகப் பிரிந்து பக்கங்களாகிவிடும். மிச்சமே இல்லாமல் வகுபடுகிற இந்தக் கணக்கை, எழுதப் படிக்க வசதியில்லாமல் வளர்ந்த பெண்களும் விரலாலேயே பிடித்துக்கொள்வதை முகாமிலும் கண்டேன், பிறகு வன்னியிலும் கண்டேன். 1885 இலேயே அமெரிக்காவின் ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற விவசாய இதழில் இத்தகைய சதுரங்களுக்கான குறிப்பு வெளிவந்திருக்கிறது. மிச்ச நூல்களைச் சேர்த்துப் பின்ன உதவியதால்தான் இந்தச் சதுரம் உலகின் ஏழை வீடுகளிலெல்லாம் நிலைத்தது என்று நான் நம்புகிறேன்.

மூன்றரை மில்லிமீட்டர் ஊசியில், சற்றுத் தடித்த நூலில், என் சதுரம் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வந்தது. முன்பக்கத்துக்கு ஒன்பது, பின்பக்கத்துக்கு ஒன்பது, இரு ஓரங்களுக்கும் மூன்று மூன்று, அடிக்கு மூன்று என்று 27 சதுரங்கள் போதும். 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள பை கிடைக்கும். ஆனால் அரசாங்கப் பத்திரங்களில் பல நீளமான தாளில் இருந்தன. ஆகவே வாயைச் சுற்றிக் குட்டைக் கண்ணிகளால் ஆறேழு சென்டிமீட்டர் உயர்த்தி, அதற்கு மேலே மூடி வைத்தேன்.

நூல் தீர்ந்தபோதுதான் ஊர் எனக்கு அறிமுகமாகத் தொடங்கியது. கிளிநொச்சியில் நூல் விற்கும் கடை எது என்று கேட்டுப் பக்கத்து வளவுக்குப் போனேன். அங்கிருந்த ஆச்சி என் கையிலிருந்த சதுரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, பின்புறத்தில் முடிச்சு இல்லாமல் நூல்முனையை ஒளித்திருந்த விதத்தைக் கவனித்தார். அன்று மாலையே அவருடைய இரண்டு மருமக்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பு என் பேச்சை அவர்கள் ‘இந்தியாப் பேச்சு’ என்று விலக்கிவைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. போரின் இறுதி மாதங்களை இந்த மண்ணில் கடந்தவர்களுக்கும், அந்நாட்களைக் கடலுக்கு அப்பால் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் இடையில் எளிதில் பேசித் தீர்க்க முடியாத இடைவெளி இருக்கிறது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதும் தெரியாது. பின்னும்போது கண் ஊசியில் இருப்பதால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நெடுநேரம் கூட இருக்க முடிந்தது. அவர்கள் சொல்ல விரும்பியதைச் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முற்றம் எனக்குச் செய்த உதவிக்கு ஈடான உதவியை எந்த அலுவலகத்திலும் நான் பெறவில்லை.

நிறங்களையும் அங்கேதான் தீர்மானித்தோம். நான் நடுச்சதுரத்தில் சிவப்பும் மஞ்சளும் கலந்த செங்காந்தள் பூவைப் பின்ன நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் அது மாநில மலர்; பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய பூ. மாரி மழை பிடித்ததும் வன்னியின் வேலிகளிலும் அது தானாகவே படர்ந்து பூக்கும். ஆச்சி என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “வேண்டாம் பிள்ளை, கந்தோருக்குக் கொண்டுபோற பையில கார்த்திகைப்பூ வேண்டாம். தாமரை பின்னுங்கோ, இல்லாட்டி ஆவரசம்பூ பின்னுங்கோ” என்றார். செங்காந்தளுக்கு இங்கே கார்த்திகைப்பூ என்று பெயர். விடுதலைப் புலிகள் தேசிய மலராக அறிவித்திருந்த அந்தப் பூ, மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதத்தில் இங்கே எத்தனை கண்களின் கவனத்துக்கு உள்ளாகும் என்பதை அவர் பிறகு பொறுமையாக விளக்கினார். ஒரு பூவைப் பையில் வைப்பதற்கு முன்பு அதன் வரலாற்றை யோசிக்க வேண்டிய நாட்டில் நான் வாழ வந்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது; ஆயினும் ஆச்சியின் எச்சரிக்கையில் இருந்த அக்கறையை நான் பெரிதாக மதிக்கிறேன். குளத்துத் தாமரையின் இளஞ்சிவப்பையும் ஆவரசின் மஞ்சளையும் எடுத்துக்கொண்டோம். எல்லாச் சதுரங்களையும் இணைக்கும் கடைசிச் சுற்றுக்கு, நன்கு காய்ந்த பாலை மரப்பட்டையின் கருஞ்சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்தேன். அழுக்குத் தெரியாது, பூக்களும் எடுப்பாகத் தெரியும்.

பின்னத் தொடங்குவோருக்கு வேலை நுணுக்கங்கள் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூச்சதுரப் பை பாரத்தைத் தாங்காது. கண்ணிகளுக்கிடையே ஓட்டைகள் இருப்பதால், சுமை ஏறினால் சதுரம் மூலைவிட்டமாக இழுபட்டுப் பை தொங்கிவிடும், பேனையும் சில்லறையும் வெளியே எட்டிப் பார்க்கும். ஆகவே உள்ளே கன்வஸ் போன்ற தடித்த துணியில் முழுப் பை ஒன்றைத் தைத்து, பின்னலை அதன் மேல் அணிவிக்க வேண்டும். நான் பழைய ஜீன்ஸை வெட்டிப் பயன்படுத்தினேன். தோள்பட்டிகளையும் அந்த உள்துணியோடுதான் தைக்க வேண்டும்; பின்னலோடு தைத்தால் கண்ணிகள் பிய்ந்துவிடும். பின்னிய பட்டி பாரத்தில் நீண்டுகொண்டே போகும் என்பதால், அதற்குள் நைலோன் நாடாவை வைத்து மூடித் தைப்பது அவசியம். பருத்தி நூல் உறுதியானது, வெயிலுக்கு இதமானது. ஆனால் மாரியில் நனைந்தால் காய நெடுநேரம் பிடிக்கும், பாரமும் கூடும். ஐப்பசி முதல் மார்கழி வரை இங்கே பெய்யும் மழையை நினைத்தே நான் அக்ரிலிக்கைத் தெரிவு செய்தேன். அக்ரிலிக் சதுரத்தை நேராக்க இஸ்திரிப் பெட்டியை வைக்கக்கூடாது. சூடு பட்டால் நூல் தன் துள்ளலை இழந்து தட்டையாகிவிடும். தண்ணீர் தெளித்து, ரெஜிபோம் எனப்படும் வெண் நுரைப் பலகையில் குண்டூசியால் இழுத்துக் குத்தி, நிழலில் காயவிட்டால் போதும்.

பை தயாரானதும் இதை வாழ்வாதாரமாக்கலாமே என்று பலர் சொன்னார்கள். போருக்குப் பின் வன்னிப் பெண்களுக்குத் தையலும் கைப்பணியும் கற்பித்த திட்டங்கள் பல வந்து போயிருக்கின்றன. கற்பித்தவர்கள் வாங்குபவரைத் தேடித் தரவில்லை என்பதே முற்றத்தில் நான் கேட்ட பொதுவான குறை. பழகாத கைக்கு ஒரு சதுரம் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். 27 சதுரங்களுக்கு மேல் இணைப்பு, உள்துணி, பட்டி, சிப் என்று வேலை இருக்கிறது. குரோஷே பின்னலை இன்றுவரை இயந்திரம் செய்வதில்லை; எங்கே விற்றாலும் அது ஒரு மனிதக் கை செலவிட்ட நேரம்தான். சந்தையில் தொங்கும் இறக்குமதிப் பையின் விலைக்கு அதைக் கொடுப்பது, பின்னியவளின் நாட்களை இலவசமாகக் கொடுப்பதற்குச் சமம். 1845 இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சக் காலத்தில் கன்னியர் மடங்கள் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்பித்து வருமானம் கொடுத்ததை வரலாறு சொல்கிறது. அந்தப் பின்னல் செல்வந்தர்களின் கைகளுக்குப் போய்ச் சேர வழி செய்ததால்தான் பணம் வந்தது. வாங்குபவர் உறுதியாகாமல் பயிற்சி மட்டும் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் முற்றத்தில் முதலில் அவரவருக்கு, பிறகு உறவுகளுக்கு, அதன் பின்னரே முன்பணம் தருபவர்களுக்கு என்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்போது ஆச்சியின் பேர்த்திக்காக ஒரு பை பின்னிக்கொண்டிருக்கிறோம். அவள் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள்; மடிகணினி வைக்க உள்ளே பஞ்சு வைத்த தனி அறையும், வெளியே தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு சதுரத்தாலான பையும் கேட்டிருக்கிறாள். கருஞ்சாம்பல் நூல் போதவில்லை. சாயத் தொகுதி மாறினால் நிறம் வேறுபட்டுத் தெரியும் என்பதால், பழைய நூலின் சுற்றுத்தாளிலிருந்த இலக்கத்தைப் படமெடுத்துச் சித்திக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வரும்போது நான்கு கண்டுகள் கொண்டுவருவார்.