குளிர்காலத்தில் கூடப் போக ஓர் ஆள்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் பின்னேரம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது ஒரு சலிப்பு. கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையுமாக மாடிக் கட்டடத்தில் பகல் முழுக்கத் தனியே இருக்கிற தாய்க்கு அது வேறு கதை. கணவன் இருட்டில் போய் இருட்டில் வருவார். ஊரென்றால் படலையைத் திறந்துவிட்டால் போதும், பிள்ளையை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும், ஆளைக் காணக் கிடைக்காது.

எங்கள் கட்டடத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஊரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் புதிதாக வருகிற இளம் குடும்பங்களோடு எனக்கு நல்ல பழக்கம். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தத் தாய்மாரை வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான் நான் செய்கிற வேலை. போக இடம் நிறைய இருக்கிறது. காசும் பெரும்பாலும் தேவையில்லை. இல்லாதது முதல் நாள் கூடப் போக ஓர் ஆள்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏர்லிஓன் என்று சிறுபிள்ளை, குடும்ப நிலையங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயது வரை எந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம், இலவசம். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற இடம் இல்லை, தாயோ தகப்பனோ அம்மம்மாவோ கூடவே இருக்க வேண்டும். பல நிலையங்கள் பாடசாலைகளுக்குள்ளும் சமூக நிலையங்களுக்குள்ளும் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எத்தனையோ பேர் அதே கட்டடத்தைக் கடந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் விலாசத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் யாரும் போக மாட்டார்கள். அதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போனால் பஸ் தரிப்பிடத்தில் பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்ட மேடு இடுப்பளவுக்கு நிற்கும். பாடசாலைக் கதவு பூட்டியிருக்கும், மணியை அமத்திவிட்டு ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். உள்ளே போனால் பெயர் பதிய வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஆனால் இரவு நித்திரை இல்லாத ஒருத்தி அந்தக் கதவடியில் நின்று திரும்பிப் போய்விடுவாள். அதனால் முதல் தரம் நான் கூடவே போவேன். அடுத்த முறையும் தேவையென்றால் போவேன். பிறகு என்னைத் தேட மாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஒரு பக்கம் மணல் மேசை, ஒரு பக்கம் களிமண் மாதிரி மென்மாவு, புத்தகத் தட்டு, தவழுகிற குழந்தைகளுக்கென்று ஒரு மெத்தை. கடைசியில் எல்லாரும் கம்பளத்தில் வட்டமாக இருந்து பாடுவார்கள். ஒரு நாள் அந்த வட்டத்தில் பணியாளர் ஒருவர், வீட்டு மொழியில் ஏதாவது பாட விருப்பமா என்று கேட்டார். வந்து சில மாதங்களே ஆன வவுனியாப் பிள்ளை ஒருத்தி, அதுவரை தலை நிமிர்ந்து கதைக்காதவள், குழந்தையை மடியில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டியபடி தன் அம்மம்மா பாடினதைப் பாடினாள். சோமாலியத் தாய் ஒருவரும் சீனத் தாத்தா ஒருவரும் மடியிலிருந்த பிள்ளைகளை அதே தாளத்துக்கு ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். மற்றக் கிழமை அவள் எனக்கு முதலே லிஃப்டடியில் வந்து நின்றாள்.

அந்தக் கம்பளம் பிள்ளைகளுக்கு என்று போட்டிருந்தாலும் அதில் அதிகம் பயன்பெறுவது தாய்மார்தான் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை மணலை அளைந்துகொண்டிருக்கிற நேரத்தில் ஒருத்தி மற்றவளிடம் கேட்டுக்கொள்ளுவாள்: எந்தக் குடும்ப மருத்துவர் புது ஆட்களை எடுக்கிறார், பிள்ளை இரவில் மூன்று தரம் எழும்புகிறது, உனக்கும் அப்படியா? தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு விட்டமின் டி கொடுக்கும்படி கனடாவின் சுகாதாரத் துறை சொல்லுகிறது. இங்கத்தைக் குளிர்கால வெயிலில் அது தோலில் ஊறாது. இதை மருத்துவரிடம் கேட்டும் மறந்துபோனவர்கள் அந்தக் கம்பளத்தில் கேட்டபிறகு மறக்கவில்லை.

வெளியே போவதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பயம் பெரிது. ஊரிலிருந்து தாய் வீடியோ அழைப்பில் கேட்பார்: “என்ன பிள்ளை, இந்தக் குளிருக்க குழந்தையை எங்க கொண்டு போறாய்? தடிமன் பிடிக்கப் போகுது.” தடிமன் குளிரிலிருந்து வருவதில்லை, கிருமியிலிருந்து வருகிறது, எல்லாரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே அறைக்குள் இருக்கும்போது அது இன்னும் வசதியாகப் பரவும். குழந்தை மருத்துவர்கள் இங்கே சொல்லுகிற எல்லை காற்றின் குளிரையும் சேர்த்து ஏறத்தாழ மைனஸ் 27 பாகை. அதற்குக் கீழே போனால் திறந்திருக்கிற தோல் உறையத் தொடங்கும், பிள்ளைகளை உள்ளே வைத்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் அப்படியான நாட்கள் ஒரு குளிர்காலத்தில் மிகக் கொஞ்சம். மற்ற நாட்களில் சரியாக உடுத்தினால் அரை மணித்தியாலம் ஓடித் திரியலாம்.

உடுத்துகிறதுதான் பெரும்பாடு, அது உண்மை. முதலில் கழிவறை. அதை மறந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்க வேண்டிவரும். பிறகு சொக்ஸ், பனிக் காற்சட்டை, அதன்பிறகு பூட்ஸ், ஜாக்கெட், கழுத்தை மூடுகிற வளையம், தொப்பி, கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் போட்டுவிட்டால் பிள்ளையால் ஸிப்பை இழுக்க முடியாது, அழுகை தொடங்கிவிடும். நீளமான கழுத்துச் சால்வை வேண்டாம், விளையாட்டுச் சாமானில் மாட்டி இறுகும். பாலர் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுப்பார்கள். ஜாக்கெட்டை நிலத்தில் உட்பக்கம் தெரிய விரித்து, தொப்பிப் பக்கம் தங்கள் காலடியில் வர நிற்பார்கள். குனிந்து இரண்டு கையையும் சட்டைக் கைக்குள் விட்டு அப்படியே தலைக்கு மேலால் தூக்கிப் போட்டால் ஜாக்கெட் முதுகில் வந்து விழும். நாலு வயதுப் பிள்ளை இதைச் செய்து காட்டியபோது அதன் அம்மம்மா, “இஞ்ச பார், என்ர குஞ்சு தானாவே போட்டிட்டுது!” என்று கையைத் தட்டினார். அன்றையிலிருந்து அந்த வீட்டில் வெளிக்கிடுகிறது சண்டை இல்லை.

பேரப்பிள்ளையைப் பார்க்க சூப்பர் விசாவில் வருகிற அப்பப்பா, அம்மம்மாமாரை நான் தனியாகக் கவனிக்கச் சொல்லுவேன். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்கிறார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பிள்ளையோடு அவர்கள்தான் வீட்டில். பனியில் வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் அவர்களை ஜன்னலடியிலேயே இருத்திவிடும். ஏர்லிஓனுக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர்களே போகலாம் என்று தெரிந்தவுடன் முகம் மாறுகிறதைப் பார்க்க வேண்டும். நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொடுங்கள். அது மிச்சம் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஸ்னோவில் விளையாட எந்த நாள் நல்லது என்பதும் புதியவர்களுக்குத் தெரியாது. நல்ல குளிர் நாள்தான் பனிமனிதன் செய்கிற நாள் என்று நினைத்து மைனஸ் 15-இல் பிள்ளையைக் கொண்டு போவார்கள். அந்தக் குளிரில் ஸ்னோ காய்ந்த ரவை போல இருக்கும், எவ்வளவு அமத்தினாலும் ஒட்டாது. பூச்சியத்தை அண்டி நிற்கிற நாளில்தான் அது ஈரப்பிடிப்போடு உருண்டு திரளும். காய்ந்த ஸ்னோ நாள் சரிவில் சறுக்குவதற்கு நல்லது. மரமும் கம்பமும் இல்லாத, கீழே நீளமாக வெளி உள்ள சரிவாகப் பாருங்கள். தலைக்கவசம் போடுங்கள். சின்னவர்களோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டும், அது பெரியவருக்கும் நல்லது. முப்பது வயதுத் தகப்பன் ஒருவர் சரிவின் அடியில் கிடந்து சிரித்ததைப் பார்த்து அவரின் மகள் ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். அப்பா அப்படிச் சிரித்து அவள் கண்டிருக்கவில்லை.

ஸ்காபரோ நகர மண்டபத்துக்கு முன்னால் அல்பேர்ட் கம்பல் சதுக்கத்தில் திறந்தவெளி ஐஸ் தளம் இருக்கிறது, பக்கத்திலேயே நூலகம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். கொஞ்ச நேரம் ஐஸில், விரல் குளிர்ந்ததும் நூலகத்துக்குள். மாநகரின் வெளித் தளங்களில் சறுக்கக் காசு இல்லை, சப்பாத்து மட்டும் தேட வேண்டும், அதைப் பழைய உடுப்புக் கடையில் மலிவாக எடுக்கலாம். நூலக அட்டைக்கும் காசில்லை. ரொறன்ரோ பொது நூலகம் 2022-இல் தாமதக் கட்டணத்தை முற்றாக எடுத்துவிட்டது, ஆகவே புத்தகம் கட்டிலுக்குக் கீழே போய்விட்டதே என்று பயந்து போகாமல் இருக்கத் தேவையில்லை. ஸ்காபரோவின் சில கிளைகளில் தமிழ்ப் பிள்ளைகள் புத்தகங்களும் கிடைக்கும். பஸ்ஸில் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு ரிக்கெற் இல்லை.

வெளியே போகவே முடியாத நாட்களும் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது புயல். அப்போது வெளியே போய் ஒரு பேசின் நிறைய ஸ்னோவை அள்ளி வந்து குளியல் தொட்டிக்குள் வையுங்கள். கரண்டி, பழைய டம்ளர், கையுறை. உருகி முடியுமட்டும் பிள்ளை அதோடுதான். தாய் பக்கத்தில் நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், சூடாகவே.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாச் சோர்வும் விளையாட்டால் போய்விடாது. கிழமைக்கணக்கில் அழுகிற, குழந்தையைத் தூக்கவே மனமில்லாத, ‘நான் ஒரு தாயா’ என்று கேட்கிற பெண்ணை விளையாட்டு நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதோடு கடமை முடியாது. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்ராறியோவில் பொதுச் சுகாதாரத் தாதி வீட்டுக்கே வந்து பார்க்கிற இலவசத் திட்டம் உண்டு, பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும். 211-க்கு அழைத்தால் அருகிலுள்ள சேவைகளைச் சொல்லுவார்கள், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். “குளிருக்கு எல்லாருக்கும் இப்பிடித்தான்” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எல்லாருக்கும் இப்படி இல்லை.

ஜனவரியில் பொங்கல் வருகிறது, ஒன்ராறியோவில் அது தமிழ் மரபுத் திங்களும். எங்கள் கட்டடத்தில் கீழ் மண்டபத்தை எடுத்து மின் அடுப்பில் பானை வைப்போம். பால் பொங்கினதும் பிள்ளைகள் கத்துகிற கத்தில் மற்ற மாடிக்காரரும் வந்து பார்ப்பார்கள், அவர்கள் கைக்கும் ஒரு கோப்பை புக்கை போகும். கோலத்தை வெளியே ஸ்னோவில் போடுவோம், நிறத் தண்ணீரைத் தெளிக்கும் போத்தலில் விட்டு. பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை குடும்ப நாள், 2008-இலிருந்து இங்கே விடுமுறை. பல தகப்பன்மாருக்கு வேலை இல்லாத பகல் அது ஒன்றுதான். அன்று தாய்மாரை வீட்டில் நித்திரைகொள்ள விட்டுவிட்டு அப்பாமாரும் பிள்ளைகளுமாக ஐஸ் தளத்துக்குப் போகிற பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். அந்தத் தாய்மாருக்கு இதைவிடப் பெரிய குளிர்காலக் கொண்டாட்டம் இல்லை.

வாகனம் உள்ளவர்கள் உதவ நினைத்தால் ஒரு விஷயம்: தடித்த பனி உடுப்போடு பிள்ளையைக் கார் ஆசனத்தில் கட்டாதீர்கள், பட்டி தொளதொளவென்று நிற்கும். ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டியை இறுக்கி, மேலால் கம்பளியைப் போடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஸ்னோசூட்டை ஒக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள், முதல் ஸ்னோவுக்குப் பிறகு கொடுத்தால் அவர்கள் கடையில் காசைக் கொட்டியிருப்பார்கள். உங்கள் கட்டடத்தில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தால், “ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். “பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரைகொண்டு எழும்புவா?” என்று கேளுங்கள். பத்தரை என்றால், பத்தே முக்காலுக்குக் கதவில் தட்டுங்கள்.