மகனின் பல் கடியும் மூக்கு டாக்டரும்

எங்கள் வீட்டில் பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் 'வயிற்றில் பூச்சி' என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். ஏழு வயது மகன் ராத்திரி நறநறவென்று கடிக்க ஆரம்பித்ததும் அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்துவிட்டார். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல், அவன் ஏற்கெனவே போட்டதுதான். பூச்சி போனதோ என்னவோ, சத்தம் போகவில்லை. பூச்சியால்தான் பல் கடிக்கிறார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். அம்மாவை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கலாம்!

சத்தம் மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருப்போம். காலையில் இட்லியை மெல்லக்கூட யோசித்தான். எங்கே வலிக்கிறது என்றால் காதுக்கு முன்னால் கையை வைத்தான்.

குழந்தைகள் பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. முதலில் இரண்டு கன்னத்திலும் விரல் வைத்து, "கடி... விடு" என்றார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தசை கோலிக்குண்டு மாதிரி திரண்டு நின்றது. அப்புறம்தான் பல். பால் கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. அவை எப்படியும் விழப்போகிறவை, புதிதாக முளைத்த முன்பற்களையும் ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல்லையும் கவனித்தால் போதும் என்றார்.

நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லுக்கு மாட்டும் உறை, போடலாமா என்று கேட்டேன். தாடை வளர்கிற வயது, பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு அளவெடுத்துச் செய்தால் சில மாதத்தில் பொருந்தாது என்று மறுத்துவிட்டார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறைந்துவிடுமாம்.

கிளம்பும்போதுதான் கேட்டார்: "குறட்டை விடுவானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குவானா?" இரண்டும் உண்டு. தூங்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள் என்றார். இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்வதும் அந்த வீடியோவைத்தான். நான் வாயால் செய்து காட்டிய சத்தத்துக்கு எந்த டாக்டரும் மசியவில்லை.

இ.என்.டி. மருத்துவர் பக்கவாட்டில் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயில் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருப்பது தெரிந்தது. மூச்சு தடைப்படும்போது தூக்கம் லேசாகக் கலையும், அந்தச் சமயத்தில் தாடைத் தசை இறுகிப் பல்லைக் கடிக்கலாம் என்று விளக்கினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே காரணம் என்றில்லை, மனதில் இருக்கும் பயமோ சில மருந்துகளோகூட இப்படிச் செய்யும் என்றார்.

அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று உப்புநீர் ஸ்ப்ரேயும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் எழுதிக் கொடுத்தார். அடிப்பதுதான் பெரும்பாடு. மூக்கின் நடுச்சுவரில் படாமல், காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுவில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரலாம்.

வீட்டில் படுக்கும் முன் கன்னத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்தோம். செல்போனைப் பிடுங்கி வைத்தோம், அதற்கு நடந்த சண்டை தனி. பகலில் வீட்டுப்பாடம் எழுதும்போதும் பல்லை இறுக்குகிறான் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. "உதடு மூடி, பல் விலகி" என்று பல் மருத்துவர் சொல்லிக் கொடுத்ததை இப்போது அவனே தங்கையிடம் சொல்லி மிரட்டுகிறான்.

முதலில் குறட்டை குறைந்தது, அப்புறம் கன்ன வலி நின்றது. சளி பிடித்தாலும் பரீட்சை வந்தாலும் பல் கடி மட்டும் திரும்ப எட்டிப் பார்க்கிறது. கோடை விடுமுறையில் மறுபடி காட்ட வேண்டும். ஸ்ப்ரே போதவில்லை என்றால் அடினாய்டை எடுப்பதைப் பற்றி அப்போது பேசலாம் என்றிருக்கிறார்.