மெரூன் பத்மினியும் பாய் அடித்த டக்கோவும்

14 ஜனவரி 2024, ஞாயிறு. போகி

தெருவெல்லாம் புகை. பழைய பாயும் முறமும் வாசலில் எரிந்துகொண்டிருக்க, கொட்டகையில் நின்ற பிரீமியர் பத்மினியின் தார்ப்பாயை இழுத்தேன். அப்பா 1982இல் வாங்கிய வண்டி. மெரூன் நிறம் என்று ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. கண்ணெதிரே நின்றது ரோஸ் நிற வண்டி. கூரையும் பானெட்டும் ரொம்ப மோசம். கதவின் கீழ்ப்பாதி, வெயில் படாத இடம், இன்னும் கருஞ்சிவப்பாகவே இருக்கிறது.

விரலை வைத்துத் தேய்த்தால் பொடி ஒட்டுகிறது, சுவரில் அடித்த சுண்ணாம்பு கையில் ஒட்டுமே, அது மாதிரி. தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "செத்துப்போன பெயிண்ட் சார், சுரண்டிட்டு டூ-கே அடிச்சிருங்க" என்றார். டூ-கே என்றால் கெட்டியாக்கி கலந்து அடிக்கும் இந்தக் காலத்துப் பெயிண்ட். எனக்கு மனசு ஒப்பவில்லை.

17 ஜனவரி, புதன். உழவர் திருநாள்

இன்று கழுவினேன். இங்கே போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெயிலில் காயவிட்டால் வட்ட வட்டமாய்க் கறை விழும். அதனால் காலை ஏழு மணிக்கே, பனி ஈரம் இருக்கும்போதே ஆரம்பித்து, ஒவ்வொரு பாகமாய்க் கழுவிக் கழுவித் துடைத்தேன். வாளி இரண்டு. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கைத்துணியை அலசுவதற்கு மட்டும் வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கினால் துணியில் ஏறிய மணலே திரும்பப் பெயிண்டைக் கீறும்.

அலசிய தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அம்மா பயந்துபோய், "சாயம் போகுதேடா" என்றார். போவது சாயம்தான். இப்போது வரும் வண்டிகளில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது, வெயிலைத் தாங்குவது அது. இதில் அது கிடையாது. நிறமே மேல்தோல், வெயிலும் மழையும் நேராக அதன் மேல்தான். நிறப்பொடியைப் பிடித்துவைக்கும் பசை வெயிலில் சிதைந்து போனதும் நிறப்பொடி பிடிப்பில்லாமல் மேலே நின்றுவிடுகிறது. அந்தப் பொடிதான் ரோஸ் நிறம். சிவப்பு வகை நிறங்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

கிளியர் கோட் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் இல்லை என்று அர்த்தம்.

20 ஜனவரி, சனி

திருச்சி பாலக்கரையிலிருந்து பெயிண்டர் பாய் வந்தார். 1994இல் இந்த வண்டிக்கு முழுசாக டக்கோ பெயிண்ட் அடித்தவர். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். சைக்கிளில் போய் அவர் பட்டறை வாசலில் நின்று பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது பட்டறை இல்லை, மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்.

டிக்கி ரப்பரை ஒதுக்கிவிட்டு, பஞ்சில் துளி தின்னர் தொட்டு ஒற்றினார். பஞ்சு அப்படியே மெரூனில் தோய்ந்துவிட்டது. "பாத்தியா தம்பி, கரையுது. சுத்தமான என்.சி. டக்கோ. டூ-கேவா இருந்தா தின்னருக்கு இப்படி அசையாது" என்றார்.

டக்கோ என்பது 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் (பாய் சொன்ன என்.சி.) பெயிண்டின் வியாபாரப் பெயர். அதற்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகுமாம், இது வந்த பிறகு மணிக்கணக்கில் முடிந்தது. கம்பெனி எங்கோ இருக்க, பெயர் மட்டும் நம் ஊர்ப் பட்டறைகளில் தங்கிவிட்டது.

பாய் சொன்னதில் ஒன்று மனசில் நின்றுவிட்டது. டக்கோ, பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியிலிருந்து பளபளப்பாக இறங்காதாம். தின்னர் பறந்ததும் மங்கலாகத்தான் உட்காருமாம். ஒரு கோட், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர், இன்னொரு கோட், மறுபடி வாட்டர் பேப்பர். மேலே விழும் கோட் கீழே இருப்பதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுமாம். இந்த வண்டிக்கு எட்டு கோட் அடித்தாராம். கடைசியில் மெஷின் இல்லாமல், கையாலேயே மூன்று நாள் காம்பவுண்ட் என்ற அறுக்கும் பசையைப் போட்டுத் தேய்த்து வந்ததுதான் நாங்கள் அன்று பார்த்த பளபளப்பு.

"மினுக்கு எல்லாம் கையிலதான் தம்பி இருந்துச்சு" என்றார். பானெட்டைத் தடவிவிட்டு, "ரப்பிங் காம்பவுண்ட் போட்டு அறுத்துறாத. நான் அடிச்சதுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

21 ஜனவரி, ஞாயிறு

இன்று அறுக்கும் பாலிஷ் எதையும் தொடவில்லை. எண்ணெய் மட்டும்.

மெகுயர்ஸ் நம்பர் 7 கிளேஸ், ஒரு புட்டி வரவழைத்திருந்தேன். 1901இல் மர நாற்காலி மேசைகளுக்கு பாலிஷ் செய்து தொடங்கிய கம்பெனி அது. இந்த நம்பர் 7இல் தேய்த்து அறுக்கும் பொடி கிடையாது. எண்ணெய்ப் பதம்தான், கிளியர் கோட் வராத காலத்துப் பெயிண்டுக்கென்றே உள்ளது. காய்ந்த தலைக்கு எண்ணெய் வைப்பது போலத்தான் இதுவும். சீப்பைப் போட்டு இழுப்பதற்கு முன்னால் எண்ணெய் ஊறவேண்டும்.

கொட்டகை நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருந்தபோது ஆரம்பித்தேன். பூத்துவாலைத் துண்டை நான்காக மடித்து, தாராளமாக ஊற்றி, பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம். தேய்க்கத் தேய்க்கத் துண்டு குங்குமச் சிமிழில் விழுந்த மாதிரி ஆனது. மடிப்பை மாற்றி மாற்றி எட்டு முகமும் தீர்ந்தன. துண்டின் நூல்முடிச்சுகள் செத்த பொடியை வழித்தெடுக்கின்றன, எண்ணெய் இருப்பதால் வறட்டுக் கீறல் விழுவதில்லை. துடைத்து எடுக்காமல் மேலே கனமாக இன்னொரு பூச்சு பூசி அப்படியே விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

கை வலி தாங்கவில்லை. பானெட்டும் கூரையும் முடிய மாலையாகிவிட்டது. மெஷின் வைத்தால் ஒரு மணி நேரம். ஆனால் பஞ்சு பேட் பத்து நிமிடத்தில் நிறம் ஏறி அடைத்துக்கொள்ளும். அடைத்த பேடோடு ஓட்டினால் சூடு ஏறும், டக்கோ சூட்டுக்கு இளகும். பாய் கையால் செய்ததை மெஷினுக்குக் கொடுக்க எனக்கும் இஷ்டமில்லை.

22 ஜனவரி, திங்கள்

வேலைக்குப் போகும் முன் துடைத்துப் பார்த்தேன். ரோஸ் இல்லை. நிறம் ஆழத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறது, நன்கு பழுத்த நாவல்பழத்தின் உள்சதை மாதிரி. இன்னும் பளபளப்பு வரவில்லை, நிறம் மட்டும்தான். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இதுதான்டா கலரு" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

25 ஜனவரி, வியாழன். தைப்பூசம்

விடுமுறை. நடுவில் இரண்டு நாள் மாலைகளில் கதவுகளுக்கும் மட்கார்டுக்கும் எண்ணெய் முடித்துவிட்டேன். இன்று மெல்லிய பாலிஷ், கையால், பனியன் துணியில். நேற்றுவரை கிடைத்தது நிறம், இன்று பளபளப்பு. பானெட்டில் குனிந்தால் கொட்டகைக் கீற்று ஓலை ஓலையாகத் தெரிகிறது.

சாயங்காலம் ஒரு தப்பு நடந்துவிட்டது. பத்மினியின் பின்பக்கம் இரு ஓரத்திலும் துடுப்பு மாதிரி எழுந்து நிற்குமே, அந்த விளிம்பில் டேப் ஒட்டாமல் தேய்த்துவிட்டேன். சமமான தகட்டில் அழுத்தம் பரவும், விளிம்பில் எல்லா அழுத்தமும் ஒரே கோட்டில் விழும். பெயிண்டும் அடிக்கும்போதே விளிம்பில் மெல்லிசாகத்தான் நிற்கும். எல்லாம் தெரிந்தும், இன்னும் இரண்டு தேய்ப்பு என்ற ஆசையில் தேய்த்தேன். நான்காவது இழுப்பில் துணியில் மெரூனோடு சாம்பல் நிறம் கலந்து வந்தது. இடது துடுப்பில், மிளகு அளவுக்குப் பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு, தெரிகிறது. முப்பது வருஷம் வெயிலில் நின்று போகாதது என் விரலில் போய்விட்டது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

26 ஜனவரி, வெள்ளி

எல்லா விளிம்புக்கும், கதவு மடிப்புக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மிச்ச வேலை. கூரையின் வலது மூலையில் முடி முடியாய் வெடிப்பு இருக்கிறது. டக்கோ வயதானால் இறுகி இப்படி வெடிக்கும். பாலிஷால் அது சரியாகாது, தேய்த்தால் வெள்ளைப் பசை உள்ளே போய் உட்கார்ந்து வெடிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் வாக்ஸ். கார்னுபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. தேன்மெழுகு 62, 63 டிகிரியில் உருகிவிடும், கார்னுபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். சித்திரை வெயிலில் திருச்சியில் பானெட் மேல் கை வைத்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியில் துடைத்தேன். வாக்ஸ் துணியிலும் லேசாகச் சிவப்பு ஏறியது. இந்த வண்டியில் எதைச் செய்தாலும் கொஞ்சம் நிறம் கையோடு வந்துவிடுகிறது. ஆகையால் இனி வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பாலிஷ் கிடையாது. வாக்ஸ் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

28 ஜனவரி, ஞாயிறு

காலைப் பனி பானெட்டில் முத்து முத்தாக நின்றது. போகியன்று இதே பனி ஊறிப்போய் ஈரத் திட்டாகக் கிடந்தது.

பதினொரு மணிக்கு பாய் வந்தார். துடுப்பில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "அந்த முனையில எனக்கே ரெண்டு வாட்டி போயிருக்கு" என்றார். பையிலிருந்து மூன்று சின்னப் புட்டிகள் எடுத்தார். சிவப்பு, கருப்பு, துளி நீலம். உடைந்த ஓட்டுத் துண்டில் தீக்குச்சியால் குழைத்தார். நிற அட்டை ஏதும் பார்க்கவில்லை. துடுப்பின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, நீலம் இன்னும் அரைச் சொட்டு.

முதலில் அந்த இடத்து வாக்ஸை என்னைச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னார். மெழுகு இருந்தால் பெயிண்ட் நிற்காமல் விலகிக் குழி விழுமாம். பிறகு தீக்குச்சி நுனியால் ஒரு பொட்டு வைத்தார். கை லேசாக நடுங்குகிறது, தகட்டைத் தொடும்போது மட்டும் நடுங்கவில்லை.

"மேடா தெரியுதே பாய்" என்றேன்.

"தின்னர் போனா அமுங்கிரும். பத்து நாள் கை வைக்காத. நான் வந்து ரெண்டாயிரம் நம்பர் பேப்பர்ல தடவிக்கிறேன்."

அம்மா டீ கொண்டுவந்தார். பாய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், வெடிப்பு இருக்கும் கூரை மூலையில் மட்டும் கொஞ்சம் நின்றார். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து கதவைத் திறந்தே வைத்திருந்தார். "உக்காருங்க பாய்" என்றார். இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணிகளைத் துவைக்கப் போனேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகவில்லை.