ஈயப் பெற்றோலும் எங்கள் கூரைச் சூரியத் தகடுகளும்

கல்முனையில் உயர்தரம் படிக்கிற மருமகன் சொல்கிறான்: "மாமா, நல்ல தொழில்நுட்பம் எண்டா அது தானாவே முன்னுக்கு வந்திடும்." என்னால் அதை ஏற்க முடியவில்லை.

1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் தட்டுகிற சத்தத்தை அடக்கப் பெற்றோலில் கலக்கிற ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்தார். எதனோலும் அதே வேலையைச் செய்யும், அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் எதனோலை யாரும் வடிக்கலாம், அதற்குக் காப்புரிமை எடுக்க முடியாது. ஈயம் நஞ்சு என்பதும் அப்போதே தெரிந்த விசயம்தான். 1924இல் அந்தச் சேர்மத்தைச் செய்த அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். அப்படியிருந்தும் விற்பனை நிற்கவில்லை. எங்கள் இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 வரை விற்றது. மெயின் ரோட்டோரம் வளர்ந்த பிள்ளைகள், பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தோம். கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். நூறு வருசம்!

இப்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூரைக்குக் கூரை சூரியத் தகடு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், வெயில் கொளுத்துகிற பகலில், அவற்றை நிறுத்தி வைக்கச் சொன்னது மின்சார சபை. பாவனை குறைந்தால் மின்கட்டமைப்பு தள்ளாடும், சரி, அது உண்மையான சிக்கல்தான். ஆனால் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட்டுக்குச் சீனக் கடன் தேடி எடுத்த நாடு இது. மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பற்றரிகளுக்கு ஏன் அதே வேகம் காட்டவில்லை? எதற்குக் கடன் எடுப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று முடிவெடுத்த மேசையில் யார் யார் இருந்தார்கள்?