அப்பத்தாவின் தொலைபேசிக்கு எண்விதி எழுதியது

காரைக்குடி வீட்டில் அப்பத்தா தனியாக இருப்பதாலும், இரண்டாங்கட்டுக்குள் போய்விட்டால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காததாலும், அவருடைய பழைய பொத்தான் தொலைபேசியை இணையத் தொலைபேசி அடாப்டர் ஒன்றோடு இணைத்தேன். சிங்கப்பூரிலுள்ள சித்தப்பாவுக்கு மூன்று இலக்கம் அழுத்தினால் இணையம் வழியாகவும், மற்ற அழைப்புகள் ஃபைபர் பெட்டியின் லேண்ட்லைன் வழியாகவும் செல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு.

அடாப்டரோடு வந்த டயல் பிளான், அதாவது எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எவ்வழியே செல்லும் என்று சொல்லும் விதிகள், அமெரிக்க எண்முறைக்கு எழுதப்பட்டது. லைன் கம்பியைக் கழற்றிவிட்டு 108 அழுத்திப் பார்த்தபோது, அந்த எண் எந்த விதியோடும் பொருந்தாமல், கருவி 10 விநாடி காத்திருந்து மறுப்பு ஒலி எழுப்பியது. முதியவர் தனித்திருக்கும் வீட்டில் இதை ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது என்று, 100, 101, 108, 112 ஆகிய நான்கையும் கடைசி இலக்கம் விழுந்தவுடனே லைனுக்குச் செல்லும்படி முதலில் எழுதினேன்.

அடுத்த தவறு என்னுடையது. சித்தப்பாவுக்கு 221 என்று வைத்திருந்தேன். நாங்கள் வழக்கமாக அழைக்கும் மருந்துக்கடையின் ஆறிலக்க எண்ணும் அதே மூன்று இலக்கங்களில் தொடங்குவதைக் கவனிக்கவில்லை. இரவு 9 மணிக்கு மாத்திரை கேட்க அப்பத்தா போட்ட அழைப்பு, அங்கே 11.30 மணிக்கு உறங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவை எழுப்பிவிட்டது. அவர் பதறிப்போய், "ஆத்தாவுக்கு என்ன?" என்று என்னை அழைத்தார். எண்ணை 501 என மாற்றினேன். நாங்கள் அழைப்பவற்றுள் 5-இல் தொடங்கும் எண் வேறில்லை.

மற்றவை எளிது. லேண்ட்லைனிலிருந்து கைப்பேசியை அழைக்க 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 வேண்டும். அப்பத்தாவுக்கு அது நினைவிருப்பதில்லை. ஆகவே 6 முதல் 9 வரையுள்ள ஓர் இலக்கத்தில் தொடங்கிப் பத்து இலக்கம் வந்தால் கருவியே 0 சேர்த்துக்கொள்ளும். தேவகோட்டைக்கு 04561 சேர்த்து அழைத்தாலும், 0 போட்டுக் கைப்பேசியை அழைத்தாலும் மொத்தம் பதினோரு இலக்கமே என்பதால் இரண்டுக்கும் ஒரே விதி போதுமாயிற்று.

மின்சாரம் நின்றால் தொலைபேசியை நேரே லைனோடு சேர்த்துவிடும் வசதி அடாப்டரில் உண்டு. ஆனால் லைனைத் தரும் ஃபைபர் பெட்டியே அணைந்துவிட்டால் அதனால் பயனில்லை. பெட்டி, ரூட்டர், அடாப்டர் மூன்றையும் வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) இருக்கும் இன்வெர்ட்டருக்கு மாற்றி, மெயினை அணைத்து, அடுப்படியிலிருந்து 501 அழுத்தச் சொன்னேன். இரண்டாம் மணியில் சித்தப்பா எடுத்தார்.