மீட்டரில் ஏறாத கரண்ட்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு பஸ் ஏறினால் மலைச்சரிவில் ராட்சசக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அதில் விழுந்து டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் எங்கள் கம்பம் வயல்களுக்கு வருகிறது. சின்ன வயதில் அதைக் காட்டி, "நம்ம வீட்டு லைட்டு இதுலதாம்ப்பா எரியுது" என்பார் அப்பா. கரண்ட் அப்படி நேராக வீட்டுக்கு வராது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

போன மாதம் தவணையில் ஒரு ரெண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினோம். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, தம்பி வீட்டில் பெரியது வந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். வாங்கியதை நிரப்ப வேண்டுமே என்று கம்பத்தில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்தேன். அம்மா ஒன்றை எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே எந்த ஊர்ப் பழம் என்றார்.

"அமெரிக்காம்மா, வாஷிங்டன்."

"அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தும் வாடல பாரு. நம்ம பன்னீர் திராட்ச மூணாம் நாளே உதுந்துபோகும்."

வாடாமல் இருக்கத்தானே அத்தனை கரண்ட்டும். அங்கே ஒரு பருவத்தில் பறித்ததை, ஆக்சிஜனைக் குறைத்த கிடங்கில் கிட்டத்தட்ட 0 டிகிரியில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள், அப்புறம் கடல் முழுக்கக் குளிர்பெட்டி ஓடிக்கொண்டே வர வேண்டும், இறங்கியதும் இன்னொரு குளிர்கிடங்கு. இத்தனைக்கும் பிறகு எங்கள் மீட்டரில் ஏறுவது கடைசி நாலு நாள் மட்டும். ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு, யாருக்கு உறைக்கும்?

பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க இங்கேயே காய்க்கிறது, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காலையில் பறித்தது மத்தியானம் ரோட்டோரத்தில் கிடைக்கும், ஃபிரிட்ஜே வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது அதையா வாங்கிப் போகிறோம்? ஆப்பிள் இருந்தால்தான் மரியாதை.

செல்போனும் இதே கதைதான். நாம் சார்ஜ் போடுவது கொஞ்சம், போனைத் தயாரிக்கும்போது எங்கோ ஒரு ஃபேக்டரியில் எரிந்ததுதான் பெரும்பங்கு. அந்தப் புகையைச் சீனாக்காரன் கணக்கில் எழுதிவிட்டு நாம் போனை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், நானும்தான்.

புது ஃபிரிட்ஜ் 5 ஸ்டார், கரண்ட் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்னார். ஆகியிருக்கும், பழையதை விற்றிருந்தால். அது இப்போது மாடியில் ஓடுகிறது, "தண்ணி பாட்டில் வைக்க ஆகும்ல" என்று அம்மா ஏற்றச் சொல்லிவிட்டார். நேற்று திறந்து பார்த்தேன், ரெண்டு பாட்டிலும் ஒரு தேங்காய் மூடியும் இருந்தன.